ரன்வே இல்லாத விமானப்படை: அமெரிக்கா கைவிட்ட 'பறக்கும் படகு' திட்டம் மீண்டும் பேசப்படுவது ஏன்?

ஒரு பெரிய போர் மூண்டால், முதல் சில மணி நேரத்தில் எதிரி குறிவைக்கும் இடங்களில் விமானத் தளங்கள் கண்டிப்பாக இருக்கும். ரன்வேயில் நான்கைந்து பெரிய பள்ளங்கள் விழுந்தால் போதும். பல்லாயிரம் கோடி ரூபாய் மதிப்புள்ள போர் விமானங்கள் எங்கேயும் போக முடியாமல் தரையிலேயே நிற்க வேண்டியதுதான்.

சீனாவின் டிஎஃப்-26 ஏவுகணை சுமார் 4,000 கி.மீ. வரை பாயும் என்று கணிக்கப்படுகிறது. பசிபிக் பெருங்கடலில் அமெரிக்காவின் முக்கியத் தளமான குவாம் தீவு அந்த எல்லைக்குள் வருகிறது. ஜப்பானின் ஒகினாவாவில் உள்ள கடேனா விமானத் தளம் இன்னும் பக்கம்.

இந்தப் பயம் ஒரு பழைய கேள்வியைத் தூசி தட்டி எடுத்திருக்கிறது. ரன்வேயே தேவைப்படாத விமானங்கள் இருந்தால்? கடலில் இறங்கி, கடலிலேயே எரிபொருள் நிரப்பி, கடலிலிருந்தே கிளம்பிப் போனால்?

கேட்க சினிமா கதை மாதிரி இருக்கலாம். ஆனால் 1950-களில் அமெரிக்கக் கடற்படை இதைச் செய்து பார்த்தது. ஜெட் குண்டுவீச்சு விமானம், ஒலியை மிஞ்சும் போர் விமானம், சரக்கு விமானம், எரிபொருள் தரும் நீர்மூழ்கி என்று ஒரு முழு செட்டையே தயாரித்தது. விமானந்தாங்கிக் கப்பல்களுக்கு மாற்றாக ஒரு கடற்படை வியூகமே உருவாகிக்கொண்டிருந்தது. 1959-ல் அது முடிந்துபோனது. ஏன்?

முதலில், பறக்கும் படகு என்றால் என்ன?

தண்ணீரில் இறங்கும் விமானங்கள் எல்லாம் ஒன்றல்ல. சாதாரண விமானத்தின் அடியில் சக்கரங்களுக்குப் பதில் இரண்டு மிதவைகளை மாட்டினால் அது மிதவை விமானம். மாலத்தீவு விளம்பரங்களில் பார்ப்போமே, அது.

பறக்கும் படகில் மிதவை தனியாகக் கிடையாது. விமானத்தின் உடலே படகு. அடிப்பாகம் படகைப் போல வளைந்து, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். இறக்கைகளின் நுனியில் இருக்கும் சின்ன மிதவைகள், பக்கவாட்டில் சாய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள மட்டும்தான். கூடவே சக்கரங்களும் இருந்து தரையிலும் இறங்க முடிந்தால், அது நீர்நில விமானம்.

1930-களில் நீண்ட தூரப் பயணம் என்றாலே பறக்கும் படகுதான். காரணம் சிம்பிள். அப்போது உலகில் நீளமான கான்கிரீட் ரன்வேக்கள் ரொம்பக் குறைவு. கனமான விமானம் மேலெழும்ப நீண்ட ஓட்டம் தேவை. அதற்கு ஏரியும் குடாவும் இருந்தன.

இரண்டாம் உலகப் போரில் என்ன செய்தது?

ஒரே வார்த்தையில் சொன்னால், கண்ணாக இருந்தது.

அந்தக் காலத்தின் ஸ்டார் கேட்டலினா. அமெரிக்கத் தயாரிப்பு, 3,000-க்கும் மேல் கட்டப்பட்டது. வேகம் என்று பெரிதாகச் சொல்வதற்கில்லை. வழக்கமாக மணிக்கு 200 கி.மீ. போலத்தான் போகும். ஆனால் ஒரே மூச்சில் சுமார் 4,000 கி.மீ. பறக்கும். கடலில் கப்பலைத் தேட அதுதானே வேண்டும்?

1941 மே மாதம், ஜெர்மனியின் பிஸ்மார்க் போர்க்கப்பல் பிரிட்டிஷ் கடற்படையின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒரு நாளுக்கும் மேலாக மறைந்திருந்தது. 26-ம் தேதி காலை அதைக் கண்டுபிடித்தது வட அயர்லாந்திலிருந்து கிளம்பிய ஒரு கேட்டலினா. அதில் துணை பைலட்டாக இருந்தவர் அமெரிக்கக் கடற்படையின் லெனார்ட் ஸ்மித். அமெரிக்கா அப்போது போரிலேயே இறங்கவில்லை என்பது தனிக் கதை. அன்று மாலை விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து வந்த விமானங்கள் பிஸ்மார்க்கின் சுக்கானை முடக்கின. மறுநாள் அது மூழ்கியது.

இதில் யார் எந்த வேலையைச் செய்தார்கள் என்று கவனியுங்கள். கண்டுபிடித்தது பறக்கும் படகு. அடித்தது மற்றவர்கள்.

அடுத்த ஆண்டு இதே கதை இலங்கைக்குப் பக்கத்தில் நடந்தது. 1942 ஏப்ரல் 4, காலிக்கு அருகிலுள்ள கொக்கல ஏரியிலிருந்து கிளம்பிய ஒரு கேட்டலினா, தீவுக்குத் தென்கிழக்கே பல நூறு கி.மீ. தொலைவில் ஜப்பானியக் கப்பற்படையைப் பார்த்துவிட்டது. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் கொண்ட பெரும்படை அது. கனடா விமானப்படையின் பைலட் லெனார்ட் பிர்ச்சலும் அவர் குழுவும் ரேடியோவில் தகவல் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே, ஜப்பானின் ஸீரோ போர் விமானங்கள் அவர்களைச் சுட்டு வீழ்த்தின. உயிர் தப்பியவர்கள் போர்க் கைதிகளானார்கள். மறுநாள், ஈஸ்டர் ஞாயிறு அன்று, கொழும்பு தாக்கப்பட்டது. ஆனால் எச்சரிக்கை முன்பே போய்ச் சேர்ந்திருந்தது.

எச்சரிக்கை கிடைத்ததால் எல்லாம் தப்பிவிடவில்லை. அதே ஞாயிறு பிரிட்டனின் இரண்டு குரூசர்கள் மூழ்கடிக்கப்பட்டன. ஏப்ரல் 9-ல் மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் போனது. பார்ப்பதற்குப் பறக்கும் படகு போதும். தடுப்பதற்குப் போதாது என்பதை அந்த ஒரு வாரம் காட்டியது.

இந்த விமானங்களுக்குச் சென்னையிலும் ஒரு முகவரி இருந்தது. இன்று குடிநீருக்காக மட்டுமே நாம் நினைக்கும் செங்குன்றம் ஏரி, போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையின் பறக்கும் படகுத் தளமாக இருந்தது. வங்கக்கடலைக் கண்காணிக்கக் கேட்டலினாக்கள் அங்கிருந்து கிளம்பின.

ஜப்பான் போட்ட விபரீத பிளான்

பறக்கும் படகை உளவுக்கு மட்டும் வைத்திருக்காமல் தாக்குதலுக்கும் பயன்படுத்த முடியாதா? முயன்று பார்த்தது ஜப்பான்.

1942 மார்ச் மாதம். பேர்ல் ஹார்பர் தாக்குதல் முடிந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மார்ஷல் தீவுகளிலிருந்து இரண்டு கவனிஷி ரகப் பறக்கும் படகுகள் கிளம்பின. ஒவ்வொன்றிலும் 250 கிலோ குண்டுகள் நான்கு. இலக்கு ஹவாய். ஆனால் நேரே போய்த் திரும்ப எரிபொருள் போதாது.

அதனால் வழியில், ஹவாயிலிருந்து சுமார் 900 கி.மீ. தள்ளி இருக்கும் ஃபிரெஞ்ச் ஃப்ரிகேட் ஷோல்ஸ் என்ற ஆளில்லாத பவளத்திட்டில் இறங்கின. அங்கே ஜப்பானிய நீர்மூழ்கிகள் காத்திருந்தன. நடுக்கடலில் பெட்ரோல் பங்க்! டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பி, இரவில் ஹவாயை அடைந்தன.

விளைவு? பூஜ்யம். மேகமூட்டம், கீழே விளக்குகள் அணைக்கப்பட்டிருந்தன. ஒரு விமானத்தின் குண்டுகள் ஹோனலூலுவுக்கு மேலே ஒரு மலைச்சரிவில் விழுந்தன. மற்றதன் குண்டுகள் கடலில் விழுந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. யாரும் சாகவில்லை.

உண்மையான அடி பிறகுதான் விழுந்தது, அதுவும் ஜப்பானுக்கே. உஷாரான அமெரிக்கா அந்தப் பவளத்திட்டுக்குத் தன் கப்பல்களை அனுப்பிவைத்தது. மே மாதக் கடைசியில், மிட்வே சண்டைக்கு முன் பேர்ல் ஹார்பரை உளவு பார்க்க ஜப்பான் அதே ரூட்டைத் திட்டமிட்டது. போய்ப் பார்த்த நீர்மூழ்கிக்கு அமெரிக்கக் கப்பல்கள்தான் கண்ணில் பட்டன. உளவுப் பயணம் ரத்து. அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்கள் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிவிட்டது ஜப்பானுக்குத் தெரியவே இல்லை. மறுபுறம், மிட்வேயில் ஜப்பானியப் படையை முதலில் கண்டுபிடித்தவை அமெரிக்காவின் கேட்டலினாக்கள். அந்தச் சண்டையில் ஜப்பான் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்தது.

இந்த வியூகத்தின் பலவீனம் இங்கேயே தெரிந்துவிட்டது. விமானம் எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம். ஆனால் எரிபொருள் தரும் கப்பலைச் சந்தித்தே ஆக வேண்டும். அந்தச் சந்திப்பு இடம் எதிரிக்குத் தெரிந்தால் கதை முடிந்தது.

கடலில் இறங்குவது அவ்வளவு ஈஸியா?

'பூமியில் 71 சதவீதம் தண்ணீர். அப்படியென்றால் 71 சதவீதம் ரன்வே!' பறக்கும் படகு ரசிகர்கள் அடிக்கடி சொல்லும் வாதம் இது. நிஜத்தில் கணக்கு அப்படி வருவதில்லை.

முதல் பிரச்சினை அலை. கேட்டலினா போன்றவை ஏரி, குடா, பவளத்திட்டின் உள்கடல் மாதிரி அமைதியான நீரை எதிர்பார்ப்பவை. திறந்த கடலில் இறங்குவது சூதாட்டம்.

இரண்டாவது, தண்ணீரின் பிடி. வேகமெடுக்கும்போது நீர் அடிப்பாகத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். அதை உடைக்கத்தான் அடிப்பாகத்தின் நடுவில் படிக்கட்டு மாதிரி ஒரு வெட்டு வைப்பார்கள். அதுவும், படகு வடிவ உடலும், காற்றில் பறக்கும்போது வேகத்தைக் குறைக்கும். அதாவது, தண்ணீரில் இறங்குவதற்கான வசதியைப் பயணம் முழுக்கச் சுமந்துகொண்டே போக வேண்டும்.

மூன்றாவது, உப்பு. கடல்நீர் எஞ்சினையும் உலோகத்தையும் அரித்துக்கொண்டே இருக்கும். பராமரிப்புச் செலவு எகிறும்.

இதன் இரண்டு பக்கத்தையும் ஒரே சம்பவத்தில் பார்க்கலாம். 1945 ஜூலை 30-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் கப்பல் பசிபிக்கில் மூழ்கடிக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான மாலுமிகள் நாட்கணக்கில் தண்ணீரில் மிதந்தார்கள். சுற்றிலும் சுறாக்கள். ஆகஸ்ட் 2-ம் தேதி அங்கே வந்து சேர்ந்த ஒரு கேட்டலினாவின் பைலட், திறந்த கடலில் இறங்கக் கூடாது என்ற உத்தரவை மீறி இறங்கினார். 56 பேரை ஏற்றினார். உள்ளே இடம் இல்லாமல் இறக்கைகளின் மேலேயும் படுக்கவைத்தார்கள். இரவில் ஒரு கப்பல் வரும் வரை அந்த விமானமே அவர்களுக்குத் தெப்பம்.

56 உயிர்கள் பிழைத்தன. ஆனால் அந்த விமானம் மறுபடி பறக்கவே இல்லை. அலை அடித்ததிலும், ஆட்களின் பாரத்திலும் சேதமாகி, கடைசியில் அங்கேயே மூழ்கடிக்கப்பட்டது.

5 நாளில் நின்றுபோன கப்பல்

போர் முடிந்தது. பறக்கும் படகுகளின் காலமும் முடிந்த மாதிரிதான் இருந்தது. காரணம், போரே உலகம் முழுக்க நீளமான ரன்வேக்களைக் கட்டிவைத்துவிட்டுப் போயிருந்தது. பிறகு ஏன் 1950-களில் அமெரிக்கக் கடற்படை மீண்டும் இதைக் கையில் எடுத்தது?

காரணம், ஒரு உள்வீட்டுச் சண்டை. அணுகுண்டு வந்துவிட்டது. அதைக் கொண்டுபோய்ப் போடும் வேலை யாருக்கு? புதிதாகத் தனிப் படையாகியிருந்த விமானப்படை, தன் பிரம்மாண்டமான பி-36 விமானமே போதும் என்றது. கடற்படை, அணுகுண்டு விமானங்களைச் சுமக்கும் மெகா விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றைக் கட்டத் தொடங்கியது. பெயர் 'யுனைடெட் ஸ்டேட்ஸ்'.

1949 ஏப்ரல் 18-ல் கட்டுமானம் தொடங்கியது. ஏப்ரல் 23-ல் பாதுகாப்பு அமைச்சர் லூயிஸ் ஜான்சன் ரத்து செய்துவிட்டார். மொத்தம் 5 நாள். கடற்படை அமைச்சர் ராஜினாமா செய்தார். அட்மிரல்கள் வெளிப்படையாகவே எதிர்த்துப் பேசினார்கள்.

பெரிய கப்பல் கிடைக்காது என்றால், அணுகுண்டுப் போட்டியில் கடற்படை எப்படி நீடிப்பது? அங்கேதான் மாற்று வியூகம் பிறந்தது. கப்பலின் மேல்தளம் எதற்கு? கடலையே தளமாக்குவோம்!

சீமாஸ்டர்: கடலிலிருந்து கிளம்பும் ஜெட்

திட்டத்தின் ஹீரோ பி6எம் சீமாஸ்டர். மேரிலாண்டில் உள்ள மார்ட்டின் நிறுவனம் கட்டியது. 1955 ஜூலை 14-ல் முதல்முறை பறந்தது. நான்கு ஜெட் எஞ்சின்கள். தண்ணீர் தெறித்து உள்ளே போகாமல் இருக்க, இறக்கைக்கு மேலே. சுமார் 13,600 கிலோ குண்டுகளோ கடல் கண்ணிகளோ ஏற்றலாம். கடல்மட்டத்தை ஒட்டியே மணிக்கு 900 கி.மீ.க்கும் மேல் சீறும். அன்றைய தரைவழிக் குண்டுவீச்சு விமானங்களுக்கே இது சவாலான வேகம்.

வெளியே சொல்லப்பட்ட முக்கிய வேலை, சோவியத் நீர்மூழ்கிகள் வெளியே வரும் துறைமுக வாசல்களில் கண்ணி விதைப்பது. அணுகுண்டும் கணக்கில் இருந்தது.

சீமாஸ்டர் தனியாக இல்லை. கூட ஒரு டீமே இருந்தது.

- சீ டார்ட்: பனிச்சறுக்குப் பலகை மாதிரி அமைப்பில் தண்ணீரில் வழுக்கிக் கிளம்பும் போர் விமானம். 1954 ஆகஸ்டில் ஒலியின் வேகத்தைத் தாண்டியது. நீர்விமானங்களில் இன்று வரை அதைச் செய்த ஒரே விமானம் இதுதான்.
- டிரேட்விண்ட்: சரக்கும் ஆட்களும் ஏற்றும் பெரிய பறக்கும் படகு. பறந்துகொண்டே நான்கு போர் விமானங்களுக்கு ஒரே நேரத்தில் எரிபொருள் கொடுத்துக் காட்டியது.
- உதவிக் கப்பல்கள்: எரிபொருள், குண்டு, ரிப்பேர், சாப்பாடு, படுக்கை எல்லாம் தரும் தாய்க் கப்பல்கள். இதற்காக ஆல்பமார்ல் என்ற கப்பல் மாற்றியமைக்கப்பட்டது.
- நீர்மூழ்கி டேங்கர்: குவாவினா என்ற நீர்மூழ்கியே எரிபொருள் நிரப்பும் நிலையமாக மாற்றப்பட்டது. 1942-ல் ஜப்பான் செய்த அதே டெக்னிக்!

மொத்த வியூகமும் ஒரே வரியில் அடங்கும்: சிதறிக்கொள், ஒளிந்துகொள், இடம் மாறிக்கொண்டே இரு. இன்று ஒரு தீவின் குடாவில் நான்கு விமானங்கள். நாளை 800 கி.மீ. தள்ளி வேறொரு குடாவில். எதிரி ஏவுகணையை எங்கே குறிவைப்பார்?

எங்கே சறுக்கியது?

காகிதத்தில் அழகாக இருந்த திட்டம் தண்ணீரில் தடுமாறியது.

1954 நவம்பரில், அதிகாரிகளும் பத்திரிகையாளர்களும் பார்த்துக்கொண்டிருந்த செயல்விளக்கத்தில், சான் டியேகோ வளைகுடாவின் மேல் சீ டார்ட் நடுவானில் உடைந்து சிதறியது. பைலட் இறந்தார். 1955 டிசம்பர் 7-ல் முதல் சீமாஸ்டர் விழுந்து நான்கு பேர் பலி. 1956 நவம்பர் 9-ல் இரண்டாவதும் விழுந்தது. அதிலிருந்த நால்வரும் வெளியே குதித்துத் தப்பினார்கள். இரண்டு சீமாஸ்டர் விபத்துகளிலும் கோளாறு வால்பகுதியின் கட்டுப்பாட்டு அமைப்பில்.

டிரேட்விண்டின் எஞ்சின்கள் தொடர்ந்து தொல்லை கொடுத்தன. 11 விமானங்களோடு அது நின்றது. சீமாஸ்டரின் செலவு ஏற ஏற, ஆர்டர் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தது.

இதற்கிடையில் கொரியப் போர் விமானந்தாங்கிக் கப்பல்களுக்கு மறுவாழ்வு கொடுத்திருந்தது. 1955-ல் ஃபாரஸ்டல் என்ற புதிய மெகா கப்பல் சேவைக்கே வந்துவிட்டது. எந்தக் குறையை ஈடுகட்டச் சீமாஸ்டர் பிறந்ததோ, அந்தக் குறையே இப்போது இல்லை.

1959 ஆகஸ்டில் கடற்படை திட்டத்தை ரத்து செய்தது. விமானங்கள் உடைக்கப்பட்டன. ஒரு முழு விமானம்கூட மியூசியத்தில் மிச்சமில்லை. விமானங்களால் பெயர் பெற்ற மார்ட்டின் நிறுவனம், அதன் பிறகு விமானத் தயாரிப்பிலிருந்து விலகி ஏவுகணை பக்கம் போய்விட்டது.

கடைசி அடி கொடுத்தது யார்?

விபத்துகளும் செலவும் மட்டும் என்றால், ஒருவேளை சமாளித்திருக்கலாம். புதிய விமானங்கள் எல்லாமே அந்தக் காலத்தில் விழுந்து எழுந்துதான் வந்தன. சீமாஸ்டரை நிஜமாகவே தேவையற்றதாக்கியது போலாரிஸ்.

1960 ஜூலை 20-ல் 'ஜார்ஜ் வாஷிங்டன்' நீர்மூழ்கி, நீருக்கு அடியில் இருந்தபடியே போலாரிஸ் ஏவுகணையை ஏவிக் காட்டியது. ஒரே நீர்மூழ்கியில் 16 ஏவுகணைகள். அதே நவம்பரில் அது ரோந்துக்கே கிளம்பிவிட்டது.

சிதறிக்கொள், ஒளிந்துகொள், இடம் மாறிக்கொண்டே இரு. சீமாஸ்டர் சொன்ன அதே மந்திரம்தான். நீர்மூழ்கி அதை இன்னும் சுத்தமாகச் செய்தது. அலை பற்றிக் கவலையில்லை. குடா தேட வேண்டியதில்லை. தாய்க் கப்பலைத் தினமும் சந்திக்க வேண்டியதில்லை. எதிரி நாட்டின் மேல் பறந்து திரும்ப வேண்டியதும் இல்லை. சீமாஸ்டர் தோற்றது. அதன் ஐடியா ஜெயித்தது.

போலாரிஸ் தாமதமாகியிருந்தால்?

வரலாற்று ஆர்வலர்கள் விரும்பிக் கேட்கும் கேள்வி இது. பதில் சொல்ல, அடுத்து நடந்ததைப் பார்த்தாலே போதும்.

சாதகம் ஒன்று உண்டு. 1960 மே மாதம் சோவியத் ஏவுகணை, மிக உயரத்தில் பறந்த அமெரிக்காவின் யு-2 உளவு விமானத்தை வீழ்த்தியது. அதன் பிறகு குண்டுவீச்சு விமானங்கள் ரேடாருக்குத் தப்பத் தாழ்வாகப் பறக்க வேண்டிய நிலை வந்தது. சீமாஸ்டர் தாழ்வாகப் பறப்பதற்கென்றே கட்டப்பட்டது. சில ஆண்டுகள் அது மிரட்டலான ஆயுதமாகவே இருந்திருக்கும்.

ஆனால் அதே 1960 ஆகஸ்டில் உளவு செயற்கைக்கோள் யுகமும் தொடங்கிவிட்டது. அமெரிக்காவால் முடிந்தது சோவியத்துக்கும் விரைவிலேயே முடிந்தது. குடாவில் நிற்கும் தாய்க் கப்பலையும் அதைச் சுற்றி மிதக்கும் நான்கு பெரிய விமானங்களையும் எவ்வளவு நாள் மறைக்க முடியும்? தாய்க் கப்பலைக் காக்க போர்க்கப்பல்கள் வேண்டும். அவற்றுக்கு வான்பாதுகாப்பு வேண்டும். அதற்கு... விமானந்தாங்கிக் கப்பல் வேண்டும். எதற்கு மாற்றாகத் தொடங்கினார்களோ, சுற்றி அங்கேயே வந்து நிற்கும்.

இப்போது யார் யாரிடம் இருக்கிறது?

அமெரிக்கக் கடற்படை தன் கடைசிப் பறக்கும் படகுகளை 1967-ல் ஓய்வுக்கு அனுப்பியது. ஆனால் ஆசியாவில் இந்தக் கதை முடியவில்லை.

ஜப்பான்: ஷின்மேவா நிறுவனத்தின் யுஎஸ்-2 தான் இன்று இந்த வகையில் உச்சம். 3 மீட்டர் உயர அலையிலும் இறங்கும் திறன் கொண்டது. இறக்கைகளின் மேல் காற்றைப் பீய்ச்சி அடிக்கவே தனியாக ஒரு எஞ்சின் வைத்திருக்கிறார்கள். அதனால் மணிக்கு சுமார் 100 கி.மீ. என்ற மிகக் குறைந்த வேகத்தில் தண்ணீரைத் தொட முடிகிறது. 2013 ஜூனில், கரையிலிருந்து சுமார் 1,200 கி.மீ. தொலைவில் படகு மூழ்கித் தத்தளித்த இருவரை, கொந்தளித்த கடலில் இறங்கி மீட்டது. அதே ரக விமானம் ஒன்று 2015-ல் பயிற்சியின்போது கடலிலிருந்து கிளம்பும்போது விபத்துக்குள்ளாகி மூழ்கியது. உலகின் பெஸ்ட் விமானத்துக்கும் கடல் தள்ளுபடி தருவதில்லை.

சீனா: ஏஜி600 என்ற பெரிய நீர்நில விமானத்தைக் கட்டியிருக்கிறது. 2017 டிசம்பரில் தரையிலிருந்தும், 2018 அக்டோபரில் ஏரியிலிருந்தும், 2020 ஜூலையில் கடலிலிருந்தும் கிளம்பிப் பறந்தது. காட்டுத்தீ அணைப்பும் கடல் மீட்பும்தான் இதன் வேலை என்கிறது சீனா. தென் சீனக் கடலில் அது உருவாக்கிவரும் தீவுத் தளங்களுக்கு ஆட்களையும் சரக்கையும் கொண்டுபோகவும் இது உதவும் என்பது மற்ற நாடுகளின் கணிப்பு.

அமெரிக்கா: 2021-ல் தன் சி-130 ரக சரக்கு விமானத்துக்கு மிதவை மாட்டும் திட்டத்தை அறிவித்தது. பிறகு அது கிடப்பில் போடப்பட்டது. கடல்மட்டத்தை ஒட்டிப் பறக்கும் ராட்சத சரக்கு விமானத்துக்காக 2022-ல் 'லிபர்ட்டி லிஃப்டர்' என்ற ஆய்வு தொடங்கியது. அதுவும் விமானம் கட்டாமலேயே முடிந்தது. ஆசை இருக்கிறது, செலவைப் பார்த்ததும் கை பின்வாங்குகிறது.

இந்தியா: அந்தமான் நிக்கோபாரில் மட்டும் 500-க்கும் மேற்பட்ட தீவுகள். பெரும்பாலானவற்றில் ரன்வே கிடையாது. எனவே ஜப்பானிடமிருந்து யுஎஸ்-2 வாங்கும் யோசனை வந்தது. 2013-ல் இரு நாடுகளும் இதற்காகக் கூட்டுக் குழு அமைத்தன. பேச்சு ஆண்டுக்கணக்கில் நீண்டது. விலை பெரிய தடையாக நின்றது, ஒப்பந்தம் கைகூடவில்லை.

அப்படியென்றால் ராணுவத்துக்கு நிஜமான பயன் என்ன?

எண்பது ஆண்டு அனுபவத்தை மூன்று வரியில் சுருக்கலாம்.

1. எதிரியின் வான்பலத்துக்கு நேரே அனுப்பினால் நிற்காது. பிர்ச்சலின் கேட்டலினாவுக்கு ஸீரோவிடம் நேர்ந்தது, இன்றைய ஏவுகணைகளிடம் இன்னும் வேகமாக நேரும்.
2. நீர்மூழ்கியும் ஏவுகணையும் செய்யும் வேலைக்கு இது தேவையில்லை. அந்தப் போட்டி 1960-லேயே முடிந்துவிட்டது.
3. ஆளும் பொருளும் கடலில் ஓர் இடத்துக்குச் சீக்கிரம் போக வேண்டும், அல்லது அங்கிருந்து வர வேண்டும் என்றால் இதற்கு ஈடு கம்மி. ஹெலிகாப்டரால் அவ்வளவு தூரம் போக முடியாது. கப்பலால் அவ்வளவு வேகமாகப் போக முடியாது. சாதாரண விமானத்தால் இறங்க முடியாது.

இந்த மூன்றாவது வரிதான் இன்றைய விவாதத்தின் மையம். பசிபிக்கில் ஒரு பெரிய மோதல் வந்தால் கப்பல்கள் மூழ்கும், விமானங்கள் விழும். கரையிலிருந்து 1,500 கி.மீ. தள்ளித் தண்ணீரில் மிதக்கும் பைலட்டையும் மாலுமியையும் யார் தூக்குவது? ஹெலிகாப்டர்களுக்கு எட்டாத தூரம் அது. கப்பல் போய்ச் சேர நாட்கள் ஆகும். இண்டியானாபொலிஸ் மாலுமிகளுக்கு நடந்தது அதுதான்.

ரன்வே இல்லாத விமானப்படை என்ற பெரிய கனவு நிறைவேற வாய்ப்பு குறைவு. ஆனால் ரன்வே உடைந்த ஒரு தீவில் காயமடைந்தவர்கள் காத்திருக்கும்போது, அலைக்கு நடுவே இறங்கத் தெரிந்த விமானங்கள் ஒரு பத்தாவது கையில் இருக்க வேண்டாமா என்பது நியாயமான கேள்வி. 56 பேரைக் காப்பாற்றிவிட்டுத் தானே மூழ்கிய ஒரு விமானம் லாபமா நஷ்டமா? ராணுவங்களின் பட்ஜெட் மீட்டிங்குகளில் இன்று பேசப்படும் கேள்வியும் கிட்டத்தட்ட இதேதான்.